அரைநாள் பேச்சு போதுமா? இளையோரின் வாழ்க்கைத் திறனும் தற்கொலைத் தடுப்பும்

கேள்வி: சாட்ஸ்வர்த் (தென்னாப்பிரிக்கா, டர்பன்), சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை
சனவரி 17

மேட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்த வாரம். எங்கள் கோயில் கமிட்டி ஒரு பேச்சாளரை அழைத்து, பிள்ளைகளுக்கு 'வாழ்க்கைத் திறன்' என்று அரைநாள் நிகழ்ச்சி வைக்கலாம் என்கிறது. ஆனால் தற்கொலை என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாதாம். கோயிலில் அது அபசகுனம், பிள்ளைகள் மனதில் இல்லாத எண்ணத்தை நாமே போட்டதாகிவிடும் என்கிறார்கள். 13 முதல் 18 வயது வரை சுமார் 40 பிள்ளைகள். அரைநாள் போதுமா? அந்தச் சொல்லைத் தொடாமல் நடத்த முடியுமா?

பதில்: சனவரி 17, இரவு

போதாது. தொடாமல் நடத்தவும் முடியாது.

காவடி எடுக்க எத்தனை நாள் விரதம் இருக்கிறோம்? முதல் நாள் சாயங்காலம் சொற்பொழிவு கேட்டுவிட்டு மறுநாள் யாரும் காவடி தூக்குவதில்லை. திறனும் அப்படித்தான், காதால் கேட்டு வருவதல்ல. வாயால் சொல்லி, சொதப்பி, மறுவாரம் திரும்பச் சொல்லிப் பழகினால்தான் வரும்.

'எண்ணத்தைப் போட்டுவிடுவோம்' என்ற பயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மறு பாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையும் கூடவில்லை, எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே சற்று ஆறுதலாக இருந்ததாகத்தான் தெரிந்தது. கமிட்டிக்கு இதைச் சொல்லுங்கள்.

சனவரி 18

நேற்று எழுதியதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தனியாக, அக்கறையோடு ஒரு பிள்ளையிடம் நேராகக் கேட்பது வேறு. மேடையில் ஏறி யார் எப்படி இறந்தார் என்று கதை சொல்வது வேறு. இரண்டாவது உண்மையாகவே ஆபத்து. எந்த முறை, எந்த இடம், கடைசியாக எழுதிய கடிதம், 'பாவம், ஒரேயடியாக நிம்மதி ஆகிவிட்டான்' என்ற பேச்சு: ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளை தன்னை அங்கே வைத்துப் பார்க்க இது போதும். பேச்சாளரை அழைத்தே ஆக வேண்டுமென்றால் இந்த நான்கையும் தொட மாட்டேன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சனவரி 21

'ஐரோப்பாவில் வாழ்க்கைத் திறன் வகுப்பு தற்கொலையைப் பாதியாகக் குறைத்ததாமே, உண்மையா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அது 2015-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு. 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள், சராசரி வயது 15-ஐ ஒட்டி. மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுப்பது ஒன்று. மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வடிகட்டுவது இன்னொன்று. மூன்றாவது, மாணவர்களே உட்கார்ந்து நடித்துப் பழகும் 'யாம்' (YAM, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) என்ற மனநல வகுப்பு: 4 வாரத்தில் மொத்தம் 5 மணி நேரம், அதில் 3 மணி நேரம் நடிப்புப் பயிற்சி, கூடவே 32 பக்கச் சிறுபுத்தகம், வகுப்பறைச் சுவரில் 6 சுவரொட்டிகள். பலன் தெளிவாகத் தெரிந்தது மூன்றாவதில் மட்டும். மூன்றாம் மாதத்திலேயே தற்கொலை முயற்சிகள் பாதியாகிவிட்டன.

சனவரி 21, பின்னிரவு

மேலே கடைசி வரி தவறு. மூன்றாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை, 12-ஆம் மாதத்தில்தான் தெரிந்தது. புதிதாக முயன்றவர்கள், இந்த மூன்றில் எதுவும் கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவில் 1.51 சதவீதம், யாம் குழுவில் 0.70 சதவீதம். 'பாதி' என்பது இதுதான். குறைந்தது முயற்சியும் தீவிரமான எண்ணமும். இறப்பு குறைந்தது என்று சொல்ல இடமில்லை, ஏனென்றால் ஆய்வுக் காலத்தில் யாருமே இறக்கவில்லை. இதைக் கமிட்டியிடம் கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்று மாதத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று நிறுத்திவிடாமல் இருக்க அந்த 12 மாதக் கணக்கு உங்களுக்கே தேவைப்படும்.

சனவரி 22

இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் தியானப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான பாடத்தைவிட அது மேல் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே 'நல்ல விஷயம்தானே, செய்தால் நல்லதுதான் நடக்கும்' என்று இறங்க முடியாது. யாமில் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கலைத் தாங்களே எடுத்து நடித்தார்கள் என்பதைத்தான் பெரிய வித்தியாசமாக நான் பார்க்கிறேன்.

சனவரி 25

எந்தத் திறன்கள்? உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்து சொன்னது: தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், தெளிவாகப் பேசுதல், உறவு பேணுதல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், உணர்ச்சியைக் கையாளுதல், நெருக்கடியைத் தாங்குதல். பத்தையும் அட்டையில் எழுதி மாட்டிவிட்டு வகுப்பு முடிந்தது என்று போகிற இடங்கள் நிறைய.

சனிக்கிழமை வகுப்பில் பத்தும் வேண்டாம், மூன்று போதும். உள்ளே நடப்பதற்குப் பெயர் சொல்லத் தெரிவது. ஒரு சிக்கலைத் துண்டு துண்டாக உடைக்கத் தெரிவது. உதவி கேட்கவும், கேட்டு வந்தவரைத் தக்க பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் தெரிவது. உயிர் காப்பதில் நேரடியாக வேலை செய்வது இந்தக் கடைசித் திறன்தான், மற்ற இரண்டும் அதற்கு வழி போடுகின்றன.

பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் பாடம் இருக்கிறதே என்று கேட்கலாம். வாரத்துக்கு 2 மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக்குப் போய்விடும். மிச்சத்தில் வேலைவாய்ப்பு, குடியுரிமை, உடல்நலம் என்று எல்லாம் அடங்க வேண்டும். 35, 40 பேர் உள்ள வகுப்பில் யாரும் வாய்விட்டுப் பேசப்போவதில்லை. உங்களிடம் இருப்பது 40 பேரை மூன்றாகப் பிரிக்கும் வசதி. அதை விடாதீர்கள்.

பிப்ரவரி 2

பெயர் சொல்வது பற்றி. தமிழ் வகுப்புக்கே உரிய வேலை இது.

'எப்படி இருக்கே?' என்றால் பிள்ளைகளிடமிருந்து வருவது 'ஃபைன்', இல்லாவிட்டால் 'ஸ்ட்ரெஸ்ட்'. இந்த இரண்டுக்கும் நடுவே சொல்லே இல்லை. அவமானம் வந்தாலும் கோபம் என்றுதான் சொல்வார்கள், பையன்கள் குறிப்பாக. வாரத்துக்கு மூன்று சொல் கொடுங்கள்: தவிப்பு, ஏக்கம், வெறுமை. அடுத்த வாரம் எரிச்சல், பொறாமை, குற்றவுணர்வு. ஒவ்வொன்றும் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். தவிப்பு நெஞ்சில் என்பார்கள், எரிச்சல் தாடையில் என்பார்கள், ஒரு பிள்ளை கட்டாயம் 'பசி' என்று சொல்லும். சிரித்துத் தள்ளாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருப்பது முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதில் அழுகைக்குச் சொல்லியிருக்கும் நான்கு காரணங்களைப் பாருங்கள். இளிவு, அதாவது பிறர் கீழாக நடத்துவது. இழவு, இழப்பது. அசைவு, இருந்த நிலையிலிருந்து சரிவது. வறுமை. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேலி செய்தது இளிவு. காதல் முறிந்ததும் தாத்தா போனதும் இழவு. எப்போதும் முதலாக வந்தவள் கணக்கில் 38 வாங்கியது அசைவு. கட்டணம் கட்ட முடியாமல் நின்றது வறுமை. இளையோர் நெருக்கடிக்குக் காரணமென்று இன்று ஆலோசகர்கள் பட்டியலிடுவதில் பெரும்பகுதி இந்த நாலு கட்டத்துக்குள் வந்துவிடும். கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, பெயர் சொல்லாமல் ஊரில் நடப்பதை எந்தக் கட்டத்தில் போடலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். 45 நிமிடம் போனதே தெரியாது.

பிப்ரவரி 3

ஒரு வாசகர்: 'நாலும் ஒரே பிள்ளைக்கு ஒரே மாதத்தில் வந்தால்?' அதுதான் கவனிக்க வேண்டிய நேரம். ஒரே ஒரு காரணத்தால் நடந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 'ரிசல்ட்டால் போய்விட்டாள்' என்பது எப்போதும் பாதிக் கதை.

பிப்ரவரி 9

சிக்கலை உடைப்பது. ஒரு ஏ4 தாள், மூன்று மடிப்பு.

முதல் மடிப்பில் சிக்கல், ஒரே வாக்கியத்தில். 'என் வாழ்க்கையே வீண்' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'கணக்கில் தேறவில்லை, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை' என்பதை வைத்துச் செய்யலாம். இரண்டாம் மடிப்பில் குறைந்தது 6 வழி. கோமாளித்தனமான வழியும் இருக்கட்டும், அடித்து நீக்காதீர்கள், நாலாவதுக்குப் பிறகுதான் நல்லது வரும். மூன்றாம் மடிப்பில் இந்த வாரம் செய்யும் ஒன்று: யாரிடம், எந்த நாள், எத்தனை மணிக்கு. அடுத்த சனிக்கிழமை தாளைத் திறந்து, நடந்ததா என்று பார்ப்பது.

கெடுவது எங்கே? இரண்டாம் மடிப்பில் பெரியவர் புகுந்து 'நான் சொல்றதைக் கேள்' என்று ஏழாவது வழியைக் கொடுப்பதில். அங்கேயே பயிற்சி முடிந்துவிடும். அடுத்த வாரம் தாளைத் திறக்காமல் விட்டாலும் அதே கதி.

மேட்ரிக்குக்கு இதை டிசம்பரில் செய்ய வேண்டும், முடிவு வந்த பிறகு அல்ல. மறுதிருத்தம், மறுகூட்டல் (இரண்டுக்கும் கடைசித் தேதி சீக்கிரமே வந்துவிடும், கட்டணமும் உண்டு), மே-ஜூன் தேர்வு, கல்வித்துறையின் இரண்டாம் வாய்ப்புத் திட்டம், தொழிற்கல்வி தரும் டிவெட் கல்லூரி. இத்தனை வழியும் தன் கையெழுத்திலேயே எழுதிய தாள் மேசையில் இருந்தால், முடிவு வரும் காலையில் 'எல்லாம் போச்சு' என்ற நினைப்புக்கு எதிரே நிற்க ஒன்றாவது இருக்கும்.

பிப்ரவரி 10

மேட்ரிக் பிள்ளைகளைப் பற்றியே எழுதிவிட்டேன். தொடங்க வேண்டியது கிரேடு 8, 9-இல். யாம் நடந்த வயதும் அதுதான். கிரேடு 9-இல் பாடம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டில் நடக்கும் சண்டையே பல பிள்ளைகளுக்கு முதல் பெரிய நெருக்கடி.

பிப்ரவரி 16

நடித்துப் பழகுவது. கொஞ்சம் விரிவாக.

மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் பேசுபவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் பார்ப்பவர். சுற்றுக்கு 8 நிமிடம், பிறகு இடம் மாறுவது. யாரும் சாவதுபோல நடிக்கக் கூடாது, முயற்சியைக் காட்டக் கூடாது. இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே சிரமத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பேசுபவர் வேடம் வேண்டாம்.

காட்சி: இரவு 11 மணி. தோழியிடமிருந்து வாய்ஸ் நோட். 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி. யார்கிட்டயும் சொல்லாதே, சத்தியம் பண்ணு.'

முதல் தடவை கேட்பவர் என்ன சொல்வார் தெரியுமா? 'அப்படிச் சொல்லாதே, எல்லாம் சரியாயிடும்.' நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள். அங்கே நிறுத்தி, பேசியவரிடம் 'இப்போ உனக்கு எப்படி இருக்கு' என்று கேளுங்கள். 'வாயை மூடுன்னு சொன்ன மாதிரி இருக்கு' என்று அவரே சொல்வார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இரண்டாம் தடவை மூன்று வரி: 'என்கிட்ட சொன்னது நல்லது.' 'செத்துப் போயிடணும்னு நினைக்கிறியா?' 'இதை நான் ரகசியமா வெச்சுக்க மாட்டேன், யார்கிட்ட போகலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.' மூன்றாவது வரியில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். சத்தியத்தை உடைப்பது துரோகம் என்றே வளர்ந்திருக்கிறார்கள். நாக்குக்குப் பழகும் வரை திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள்.

நண்பரின் வேலை பெரியவரிடம் கொண்டுவந்து சேர்ப்பதோடு முடிகிறது. இதைச் சொல்லாமல் விட்டால், 15 வயதுப் பிள்ளை இன்னொரு 15 வயதுப் பிள்ளையின் உயிரைத் தன் கைபேசியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும்.

டர்பன் பிள்ளைகளுக்கு இந்த வரிகள் ஆங்கிலத்தில்தான் வரும். வரட்டும். பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் கேளுங்கள்.

பிப்ரவரி 17

கொண்டுவந்து சேர்த்தால் பெரியவருக்கு என்ன தெரியும்? வரிசையே தலைகீழாகப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வகுப்பு தொடங்கும் முன் பெரியவர்களுக்கு இரண்டு அமர்வு நடக்க வேண்டும்: ஆசிரியர், பூசகர், சமையல் கட்டில் நிற்கும் அக்காமார், காவடிக் குழுவை நடத்தும் அண்ணன்மார். உதவி கேட்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கேட்டு வந்த முதல் பிள்ளையிடம் 'பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா' என்றோ 'இது மகா பாவம்' என்றோ சொன்னால், அந்தப் பிள்ளை இன்னொரு தடவை வாய் திறக்காது.

பெரியவர் செய்ய வேண்டியது: உட்காருவது. குறுக்கே பேசாமல் கேட்பது. எப்போதிலிருந்து என்று கேட்பது. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது. எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாயா என்று கேட்பது. உண்டு என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் மருத்துவமனை. சாட்ஸ்வர்த்தில் என்றால் ஆர்.கே. கான் அவசரப் பிரிவு, ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் அன்றைக்கே வெளியே போக வேண்டும், அல்லது பூட்டுக்குள் போக வேண்டும். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது. இலங்கையில் 1990-களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலை இறப்பு பெருமளவு இறங்கியது எல்லாருக்கும் தெரிந்ததே.

எண்ணம் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால்: அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்லி, அந்த வாரத்துக்குள் கிளினிக்.

பிப்ரவரி 18

'வீட்டாருக்குச் சொல்லி' என்று எழுதியதைத் திருத்துகிறேன். அடியோ, பாலியல் தொல்லையோ வீட்டிலிருந்தே வருகிறது என்றால் அந்த ஆளிடம் சொல்வது பிள்ளையை அவரிடமே பிடித்துக் கொடுப்பதாகும். குழந்தைகள் சட்டம் (2005) 110-ஆம் பிரிவின்படி ஆசிரியரும் சமயத் தலைவரும் இப்படிப்பட்ட கொடுமையைத் தெரிவித்தே ஆக வேண்டும். படிவம் 22-ஐச் சமூக வளர்ச்சித் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். பூசகருக்கும் இது பொருந்தும். 12 வயது நிறைந்து, புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் கொடுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 'வீட்டில் சம்மதிக்கவில்லை' என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வகுப்பு நடத்தும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியல்) தங்கள் பெயர் இல்லை என்று சான்று வாங்கியிருக்க வேண்டும். 'நம்ம ஆள்தானே' என்று விடாதீர்கள்.

மார்ச் 1

நெருக்கடி நேரத்தில் பிள்ளை எடுத்துப் பார்க்க ஒரு அட்டை. விசிட்டிங் கார்டு அளவில் மடித்தால் கைபேசி உறைக்குள் போகும். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த ஆறு படிகளைச் சுருக்கியது: எனக்கு மோசமாகப் போகிறது என்று எதில் தெரியும். நானே செய்யக்கூடியது. மனம் மாற எங்கே, யாரோடு போவேன். யாரிடம் சொல்வேன். எந்த எண். என்னைச் சுற்றி எதை அகற்ற வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் எழுதட்டும், அப்போதுதான் யாருக்கும் தனி முத்திரை விழாது. பிள்ளையின் சொல்லிலேயே இருக்க வேண்டும். 'இசை கேட்பேன்' என்பதைவிட 'ஆயா வீட்டுப் பின்வாசலில் நாயோடு உட்காருவேன்' என்பதுதான் இரவு 2 மணிக்கு நினைவு வரும். நாலாம் படியில் இரண்டு பெரியவர் பெயராவது வேண்டும், அவர்களிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஐந்தாம் படியில் சாடாக் (தென்னாப்பிரிக்க மனநல உதவி அமைப்பு) நெருக்கடி எண் 0800 567 567, பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116. நடத்துபவர்கள் அச்சடிக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த அட்டை மருத்துவரோடு சேர்ந்து எழுத வேண்டியது, வகுப்பில் முடிகிற வேலையல்ல.

மார்ச் 2

பழைய அட்டைகளில் 'இளையோர் இறப்பில் தற்கொலை நான்காவது காரணம்' என்று போட்டிருப்பார்கள். அது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கு, உலகம் முழுவதற்குமானது. 2021 கணக்கின்படி 15-29 வயதில் மூன்றாவது. ஆனால் அட்டையில் கணக்கே வேண்டாம்.

மார்ச் 8

ஒருவர் கேட்டது: ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்த கோயிலில் என்ன செய்வது?

பதினாறாம் நாள் சடங்கை, நோயில் இறந்தவருக்கு எப்படிச் செய்வோமோ அப்படியே செய்யுங்கள். வெட்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம், படத்தைப் பெரிதாக்கி மாதக்கணக்கில் வாசலில் வைக்கவும் வேண்டாம். எல்லாரையும் மண்டபத்தில் கூட்டி அறிவிக்காமல் சின்னச் சின்னக் குழுவாகச் சொல்லுங்கள். நெருங்கிய நண்பர்கள், சண்டை போட்டிருந்தவர்கள், கடைசியாகச் செய்தி பெற்றவர் ஆகியோரை அந்த வாரமே தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். திறன் வகுப்பை அந்த மாதம் தொடங்க வேண்டாம். துக்கத்தின் நடுவே 'சிக்கல் தீர்ப்பது எப்படி' என்றால், போனவன் தீர்க்கத் தெரியாதவன் என்று ஆகிவிடும்.

மார்ச் 15: கேள்வி கேட்ட ஆசிரியை

கமிட்டி பத்துச் சனிக்கிழமைக்கு ஒத்துக்கொண்டது, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஏப்ரலில் தொடக்கம். அந்தச் சொல்லுக்கும் சம்மதம். ஆனால் அன்னதானக் கூடத்துக்குப் பக்கத்து அறையைத்தான் தருகிறார்கள்.

மார்ச் 15, இரவு

வேண்டாம் அக்கா. பாத்திரச் சத்தத்தில் மெதுவாகப் பேசும் பிள்ளை குரலை உயர்த்தாது, பேசாமலே இருந்துவிடும். கதவு மூடக்கூடிய, கண்ணாடி வழியே வெளியிலிருந்து உள்ளே தெரியக்கூடிய அறை கேளுங்கள். இரண்டு பெரியவர், 13, 14 பிள்ளைகள், நாற்காலி வட்டமாக. அறையை விட்டு அழுதுகொண்டு வெளியே போகும் பிள்ளையின் பின்னால் போக ஒரு பெரியவர் எப்போதும் கதவுப் பக்கம் உட்கார வேண்டும். 10-ஆவது வாரம் பள்ளி விடுமுறைக்குள் விழாமல் நாட்காட்டியைப் பாருங்கள். செப்டம்பரில் மேட்ரிக் மாதிரித் தேர்வு முடியும்போது ஒரு சனிக்கிழமையை இப்போதே ஒதுக்கிவையுங்கள், அட்டையைத் திறந்து பெயர்களும் எண்களும் இன்னும் சரிதானா என்று பார்க்க.